பொட்டு வைத்த பென்டிரைவ்

அத்தியாயம் ஏழு

கம்ப்யூட்டர் பிழைத்துக்கொண்டது. அதற்குள் இருந்ததுதான் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதில் இரண்டாவது விஷயம் துப்பறியும் நிபுணர் தணிகாசலத்துக்கு இன்னும் தெரியாது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தான் உயிர் கொடுத்த திரையைப் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பளிச்சென்ற நீலம். ஓரத்தில் ஒரே ஒரு குப்பைத்தொட்டி. ஆயுதபூஜை அன்று கண்ணை மூடிய கம்ப்யூட்டர் அது. அதைத் திறக்க வைத்தது யார்? அந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்றிருந்தது அவருக்கு.

"வந்துடுச்சா அண்ணா?" ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி ஓடி வந்தாள் திலகா, அந்த வீட்டுக்காரி. திரையைப் பார்த்ததும் அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "என் ஃபோல்டருங்க எங்க? பாடமெல்லாம் எங்க கீது?"

"எந்தப் பாடம்?" என்றார் தணிகாசலம்.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அவருடைய உதவியாளர் இர்பானா உள்ளே வந்து திரையை ஒரு பார்வை பார்த்தாள். கம்ப்யூட்டர் படித்த பெண். அவள் முகம் போன போக்கு தணிகாசலத்துக்குப் பிடிக்கவில்லை.

"சார், நான் டீ குடிச்சுட்டு வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? இன்னா அழுத்துனீங்க?"

"அது ரெண்டு வழி கேட்டது. ஒன்று, ஃபைல்களை வைத்துக்கொள். இன்னொன்று, எல்லாவற்றையும் நீக்கு. கோளாறு எல்லாவற்றையும் நீக்கத்தானே நம்மை அழைத்திருக்கிறார்கள்?"

"அப்புறம்?"

"டிரைவைச் சுத்தம் செய்யட்டுமா என்று கேட்டது. சுத்தம் நல்லதுதானே என்று அதற்கும் சரி என்றேன்."

"போச்சு! அயிஞ்சதைத் தோண்டி எடுக்கிற சாஃப்ட்வேருக்குக்கூட வேலை வெக்காம பெருக்கி, மொழுகிக் கோலமும் போட்டுட்டீங்க சார்."

இந்த இடத்தில் தணிகாசலத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு அருகே உரக்கடை மாடியில் அவர் அலுவலகம். பலகையில் முதலில் 'துப்பறியும் நிபுணர்' என்று மட்டும்தான் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தில் காணாமல் போவதெல்லாம் ஆடு. ஆட்டுக்காரர்கள் தாங்களே தேடிக்கொள்கிறார்கள். எனவே பெயருக்குக் கீழே 'கம்ப்யூட்டர் பழுது பார்க்கப்படும், லேமினேஷன் செய்யப்படும்' என்று சேர்த்தார். இவற்றில் லேமினேஷன் அவருக்கு நன்றாகவே வரும். விசாரணை நேரத்தில் மட்டும் பத்திரிகைத் தமிழில் பேசுவார். பயம் வந்தால் அது கழன்றுவிடும்.

இப்போது கழன்றது. "ஐயையோ, அதுல இன்னா இருந்துச்சும்மா?"

திலகா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "என் தம்பி அரவிந்தனுக்குக் கண்ணு தெரியாது. வர்ற ஞாயித்துக்கிழமை அவனுக்கு அரசு வேலைக்குப் பரீட்சை. ரெண்டு வருசமா ஒவ்வொரு பாடமா நான் படிச்சுப் படிச்சு இதுல பதிஞ்சு வெச்சேன் அண்ணா. அவன் போன்ல ஒரு பாடத்துக்கு மேல தாங்காது. இதுல கேட்டுக்கினுதான் படிக்கிறான். பூஜையன்னிக்கு அப்டேட்டுன்னு சுத்திக்கினு கெடந்துச்சு, ஆஃப் பண்ணாதேன்னு இங்கிலீஷ்ல போட்டுச்சு. ஆயுதபூஜையும் அதுவுமா எந்த ஆயுதம் வேலை செய்யும்? பூஜை நேரம் தாண்டுதேன்னு சுவிட்ச அமுத்திட்டுப் பொட்டு வெச்சேன். அதோட அது எய்ந்திருக்கல. நான் பாதி கொன்னேன். நீங்க மீதி."

அந்த 'நீங்க மீதி' தணிகாசலத்தின் நெஞ்சில் போய்த் தைத்தது. முன்பின் தெரியாத ஒரு பையனின் வேலையைத் தன் ஒற்றை விரலால் அழுத்தித் துடைத்துவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

அப்போது அவர் தோள்பையில் ஏதோ துடித்தது.

"என் உள்ளுணர்வு துடிக்கிறது," என்றார். பத்திரிகைத் தமிழ் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"அது என் போன் சார். வேலைல கவனம் செதறக் கூடாதுன்னு காலைலயே புடுங்கிப் பையில போட்டுக்கினீங்க. எங்க அத்தாவா இருக்கும். குடுங்க."

"விசாரணை முடியும்வரை கிடையாது. இனிமேல்தான் கவனம் தேவை. திலகா, வேறு எங்காவது நகல் எடுத்து வைத்தீர்களா?"

திலகாவுக்கு உயிர் வந்தது. "ஆங்! பூஜைக்கு மொத நாளு தம்பி சொன்னானேன்னு ஒரு பென்டிரைவ்ல எல்லாத்தையும் ஏத்தி வெச்சேன். இருங்க." மேசை இழுப்பறையைத் திறந்து சிவப்பு பென்டிரைவ் ஒன்றை எடுத்துத் தந்தாள். அதன் நெற்றியில் காய்ந்துபோன சந்தனப் பொட்டும் நடுவில் குங்குமமும் இருந்தன. பூஜைத் தட்டில் கத்தரிக்கோல், ஸ்பானர், அரிவாள்மணையோடு அதையும் படைத்திருந்தாள்.

இர்பானா பொட்டைச் சுரண்டாமல் பக்குவமாகச் சொருகினாள். திரையில் வரிசையாக விழுந்தது: டிராக் ஒன்று, டிராக் இரண்டு, டிராக் மூன்று.

"இது இல்ல," என்றாள் திலகா. "நான் பாடத்து பேரு போட்டுத்தான் வெச்சேன். இது இன்னாதுன்னே தெரியல."

ஒன்றைத் தட்டிப் பார்த்தார்கள். சத்தம் வரவில்லை. எல்லாவற்றையும் துடைத்த தணிகாசலம், சத்தம் வரவைக்கும் டிரைவரையும் சேர்த்தே துடைத்திருந்தார்.

"என் போனைக் குடுத்தீங்கன்னா அதுல சொருகிக் கேட்டுடலாம் சார்."

"கேட்க வேண்டியதில்லை. தெளிவாகத் தெரிகிறது. எவனோ பாடங்களை எடுத்துவிட்டு வேறு எதையோ நிரப்பி வைத்திருக்கிறான். திருட்டு. யாருக்கு லாபம்? அரவிந்தனோடு அதே தேர்வு எழுதுகிற எவனுக்கோ. யார் அவன்?"

"பின்தெரு கலைச்செல்வன் எய்துறான்," என்றாள் திலகா தயங்கி. "பூஜைக்கும் வந்தான். ஆனா அண்ணா..."

அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் என்ன என்று கேட்டிருந்தால் ஒரு தெரு நடை மிச்சமாகியிருக்கும். தணிகாசலம் அதற்குள் வாசல் தாண்டியிருந்தார்.

கலைச்செல்வன் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தணிகாசலம் அவன் எதிரில் நின்று கண்களைச் சுருக்கினார்.

"தம்பி, திலகா வீட்டுப் பாடங்கள் எங்கே?"

"அதத்தான் சார் நானும் கேட்டுக்கினு கீறேன்!" கையில் சட்னியோடு எழுந்துவிட்டான் அவன். "சாயங்காலம் ஆச்சுன்னா அரவிந்தன்கூடக் குந்திக்கினு நானும் அந்தப் பாடத்தத்தான் கேப்பேன். எனக்குப் புக்கத் தொறந்தா தூக்கம் வந்துடும். அக்கா சொன்னாத்தான் மண்டையில ஏறும். பூஜையிலேர்ந்து எனக்கும் பட்டினிதான். யாரோ ரிப்பேருக்கு வர்றாருன்னாங்க. வந்துட்டாரா? ரெடி பண்ணிட்டாரா?"

தணிகாசலம் கூரையைப் பார்த்தார்.

"வந்துட்டாரு," என்றாள் இர்பானா. "ரொம்ப சுத்தமா ரெடி பண்ணிட்டாரு. நீ நாஷ்டாவ முடி."

திரும்பி நடக்கும்போது பை மறுபடி துடித்தது. இந்த முறை உள்ளுணர்வைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

திலகா வீட்டு வேலியோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான் அரவிந்தன். காலடிச் சத்தம் கேட்டதுமே பேசினான்.

"ரெண்டு பேர். ஒருத்தர் செருப்பத் தேச்சுக்கினு வர்றாரு. நீங்கதான் என் ரெண்டு வருசத்த அயிச்ச அண்ணனா?"

தணிகாசலம் செருப்பைத் தேய்ப்பதை நிறுத்தினார். மன்னிப்பு கேட்க வாயெடுத்தார்.

"வுடுங்கண்ணா. அக்காதான் உள்ள அய்துகினு கீது, அதான் எனக்குப் பேஜாரா கீது. இந்தத் தெருவு வேற சாவு வூடு கணக்கா ஆயிடுச்சு. முன்னல்லாம் காலையில எங்க மாமா டிராக்டர் எடுத்தாருன்னா தெருக்கோடி வரைக்கும் பாட்டு அலறும். அக்கா கத்தும், மாமா கேக்கவே மாட்டாரு. பூஜை முடிஞ்சதுலேர்ந்து வண்டி போவுது, பாட்டு மட்டும் வர்றதில்ல. மாமாவும் மூஞ்சத் தூக்கி வெச்சுக்கினு கீறாரு. கேட்டா ஒண்ணுமில்லன்றாரு."

மாமா என்று அவன் சொன்னது திலகாவின் புருஷன் சுப்பிரமணியை. தணிகாசலம் 'ஊம்' கொட்டிவிட்டு வீட்டுக்குள் இரண்டடி வைத்தார். மூன்றாவது அடி வைக்கவில்லை. திரும்பினார்.

"தம்பி, அந்த டிராக்டர் எதை வைத்துப் பாடும்?"

"பென்டிரைவ்தான். சாவிக் கொத்துலயே கோத்து வெச்சிருப்பாரு."

"பூஜை அன்று டிராக்டர் சாவியை என்ன செய்வார்?"

அரவிந்தன் வாயைத் திறந்தான். மூடினான். "தட்டுல வெப்பாரு," என்றான் மெதுவாக. "எல்லா ஆயுதமும் ஒரே தட்டுதான். பொட்டு வெக்க சாவியிலேர்ந்து கயட்டித்தான் வெப்பாரு. அண்ணா! ரெண்டும் ஒரே நாள்ல ஒரே கடையில வாங்குனது. ரெண்டுமே செவப்புன்னு அக்கா சொல்லியிருக்குது."

"அப்ப வூட்ல இருக்கிறது டிராக்டர் பாட்டு," என்றாள் இர்பானா. "டிராக்டர்ல இருக்கிறது அக்கா பாடம். சார், சத்தியமா நல்லாத் துப்பறிஞ்சுட்டீங்க!"

தொழிலில் அவருக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. நின்று அனுபவிக்க நேரமில்லை. சுப்பிரமணி காவாந்தண்டலம் பக்கம் யாருக்கோ ஏர் ஓட்டப் போயிருந்தார். இர்பானாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தணிகாசலத்தின் மொபெட் முக்கி முனகிப் புறப்பட்டது.

சேற்று வயலில் டிராக்டர் ஊமையாக வட்டமடித்துக்கொண்டிருந்தது. கையைக் காட்டி நிறுத்தி, வரப்பிலிருந்தபடியே தணிகாசலம் கத்தினார். "சுப்பிரமணி! வண்டியில ஏன் பாட்டு இல்ல?"

சுப்பிரமணி இறங்கி வந்தார். முழங்கால்வரை சேறு. கோபமா வருத்தமா என்று சொல்ல முடியாத முகம்.

"அத்த ஏங்க கேக்கறீங்க. அவ பதியறப்ப என் பாட்டு குறுக்க வருதுன்னு சொல்லிக்கினே இருப்பா. ஒரு நா பாரு, எல்லாத்தையும் அயிச்சுடறேன்னு. பூஜைக்கு மறுநா சொருகறேன், ஒரு பாட்டும் வரல. செஞ்சே புட்டா. சரி, தம்பி படிக்கணும், அவ பண்ணதும் நாயம்தான். நான் இன்னான்னு கேக்கறது? வாய மூடிக்கினு கீறேன்."

"கம்ப்யூட்டர்ல பதிஞ்ச ஃபைல உங்க டிராக்டர் பிளேயரு படிக்காதுண்ணே," என்றாள் இர்பானா. "அக்கா எதையும் அயிக்கல. தட்டுல பென்டிரைவ் மாறிப்போச்சு. உங்க கையில கீறதுதான் அரவிந்தனோட பாடம் முழுக்க. எங்க அது?"

சுப்பிரமணி தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ. இன்னிக்குக் காலையிலதான் கடையில குடுத்தேன். உள்ள இருக்கிறத வயிச்சுத் தள்ளிட்டுப் புதுப் பாட்டு ஏத்தி வெய்யி பாய், சாயந்திரம் வந்து வாங்கிக்கறேன்னு."

"எந்தக் கடை?"

"பஸ் ஸ்டாண்டுல பீர் பாய் கடைம்மா."

இர்பானா அப்படியே நின்றாள். பிறகு தணிகாசலத்தின் பக்கம் மெதுவாகத் திரும்பி உள்ளங்கையை நீட்டினாள்.

"சார். என் போனு."

பீர் முகம்மது, பென்டிரைவில் பாட்டு ஏற்றித் தருபவர், இர்பானாவைப் பெற்ற அத்தா. தணிகாசலம் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். திரை முழுக்க ஒரே பெயர்தான். அத்தா, அத்தா, அத்தா. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு குரல் செய்தி.

இர்பானா அதை அழுத்தினாள். பீர் பாய் பேசினார். "இர்பு, சுப்பிரமணி குடுத்த பென்டிரைவ்ல பொம்பள கொரலா வருது. நீ அவங்க வூட்லதானே கீற? அயிக்கவா வேணாமான்னு ஒரு வார்த்த கேட்டுச் சொல்லு. அவரு ஏர் ஓட்டறாரு, போன எடுக்கல. நீயும் எடுக்கல. மத்தியானம் வரைக்கும் பாக்கறேன். அப்புறம் நான் அயிச்சுத்தான் ஆவணும், கடையில வேலை கீதும்மா."

சூரியன் உச்சியைத் தாண்டியிருந்தது. திருப்பிப் போட்ட அழைப்பை யாரும் எடுக்கவில்லை.

காலையிலிருந்து துப்பு, தானே நடந்து வந்து அவருடைய இடுப்பில் இடித்துக்கொண்டிருந்தது. 'நான்தான், நான்தான்' என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. அதைப் பைக்குள் அடைத்துப் பூட்டிவிட்டு, தோசை தின்றவனை விசாரிக்கப் போயிருந்தார் நிபுணர். இதை நினைத்துக்கொண்டே ஓட்டியதில் ஒரு மாட்டின் மேல் மோதப் பார்த்தார். மாடு நல்ல மாடு, ஒதுங்கிக்கொண்டது. பின்னால் இர்பானா மறுபடி மறுபடி அத்தாவுக்கு அழைத்துக்கொண்டிருந்தாள். கிண்டல் செய்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

பஸ் ஸ்டாண்டை நெருங்கும்போதே கடை வாசல் ஸ்பீக்கர் பெட்டி கேட்டது. பாட்டு இல்லை. ஒரு பெண் நிறுத்தி நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"குடவோலையில பேர் எழுதணும்னா சொந்த மனையில வீடு கட்டியிருக்கணும். தம்பி, இது அடிக்கடி கேக்கற கேள்வி. நல்லாக் கேட்டுக்கோ."

திலகாவின் குரல்! பஸ்ஸுக்குக் காத்திருந்த கூட்டம் பெட்டியைச் சுற்றி நின்றது. "வாடகை வூட்ல கீறவன் நிக்கவே முடியாதா? இது இன்னா நாயம்?" என்று ஒருவர் துண்டை உதறிக் கேட்டுக்கொண்டிருந்தார். "சும்மா கேளுய்யா, அந்தம்மா சொல்லும்," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

இர்பானா மொபெட் நிற்குமுன் குதித்து ஓடினாள். "அத்தா! அயிக்கலியா?"

பீர் பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "அயிக்கத்தான் குந்தினேன். இன்னாதான் பேசுதுன்னு ஒண்ண வெச்சுக் கேட்டேன். 'தம்பி, தம்பி'ன்னுது. எவனோ ஒரு தம்பிக்கு ஒருத்தி உக்காந்து உசிரக் குடுத்துப் படிச்சுக்கினு கீறா. அத்த எப்டிம்மா அயிக்கிறது? கை வரல. இந்தச் சத்தத்துல போன் அடிச்சதும் கேக்கல. காலையிலேர்ந்து நீ எங்க போன?"

இர்பானா தணிகாசலத்தைப் பார்த்தாள். சொல்லிவிடுவாளோ என்று அவர் ஸ்பீக்கர் பெட்டியின் பின்னால் ஒதுங்கினார்.

"சார் பையில இருந்தேன் அத்தா," என்றாள். அவள் சிரித்த பிறகுதான் அவர் வெளியே வந்தார்.

திலகா வீட்டுக்கு வந்து பாடங்களை எல்லாம் திரும்ப ஏற்றி, சத்தத்துக்கான டிரைவரையும் போட்டு இர்பானா நிமிர்ந்தபோது, சுப்பிரமணி சேற்றுக் காலோடு வாசலில் வந்து நின்றிருந்தார். அரவிந்தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து குடவோலைப் பாடத்தைத் தட்டினான். திலகாவின் குரல் வந்தது. அதற்குப் பின்னால், தூரத்தில், டிராக்டர் ஓட்டத்தோடு அம்மன் பாட்டு ஒன்று உறுமிக்கொண்டு போனது.

"நான் அயிச்சுட்டேன்னு நெனச்சுக்கினா இத்தினி நாளு மூஞ்சத் தூக்கி வெச்சிருந்த?" என்றாள் திலகா, புருஷனைப் பார்த்து. "வாயத் தொறந்து கேட்டா இன்னா? கேட்டிருந்தா அன்னிக்கே மாத்திக்கினு இருக்கலாம்."

"நீதான அயிப்பேன்னு சொன்ன."

"சொன்னா செஞ்சுடுவனா? எத்தினி வருசமா சொல்லிக்கினு கீறேன்!" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா கேளு, எப்டி எரைச்சலா கீது பாரு. இந்தப் பாட்டு வந்த எடமெல்லாம் நான் மறுபடி படிச்சு..."

"வேணாங்கா!" என்றான் அரவிந்தன் அவசரமாக. "அதுல கை வெக்காத. எது எந்தப் பாடம்னு மாமா பாட்ட வெச்சுத்தான் எனக்கு ஞாபகம். குடவோலைன்னா இந்த அம்மன் பாட்டு. அடிப்படைக் கடமைன்னா அந்தக் கானா. பரீட்சையில கேள்வியப் படிச்சுச் சொன்னாங்கன்னா, மனசுக்குள்ள மொதல்ல டிராக்டர்தான் வரும். அதுக்குப் பின்னாலதான் நீ வருவ."

சுப்பிரமணி திரும்பி நின்று வேலியைப் பார்த்தார். தோள் மட்டும் அசைந்தது. இர்பானா பாட்டு இருந்த, பொட்டு வைத்த இன்னொரு பென்டிரைவை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இன்னும் ரெண்டு பாடம் பாக்கி கீது," என்றாள் திலகா. மைக் வைத்த ஹெட்போனை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டாள். "யோவ், போயி வண்டிய எடு. பாட்டு வெய்யி. நல்லா சத்தமா வெய்யி."

தெருவில் டிராக்டர் உறுமியது. பாட்டு அலறியது. கலைச்செல்வன் எச்சில் கையோடு ஓடி வந்து அரவிந்தன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான். திலகா தொண்டையைச் செருமிப் படிக்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் திரையின் ஓரத்தில் சின்னப் பெட்டி ஒன்று முளைத்தது. புது அப்டேட் வந்திருக்கிறதாம். கம்ப்யூட்டரை நிறுத்தி இப்போதே ஏற்றவா, பிறகா என்று கேட்டது. மவுஸ் தணிகாசலத்தின் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. என்ன அழுத்த வேண்டும் என்று தன் உள்ளுணர்வைக் கேட்டுப் பார்த்தார். இடுப்புப் பக்கம் ஒரு துடிப்பும் இல்லை. போனைத்தான் இர்பானா வாங்கிக்கொண்டாளே.

துப்பறியும் நிபுணர் தணிகாசலம் இரண்டு கைகளையும் இறுகக் கட்டிக்கொண்டு, பாடம் முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.